வாசனைக் கல்லுக்கு முதலில் வெயில், பிறகு எண்ணெய்

தீயும் மின்சாரமும் இல்லாமல் அறைக்கு மணம் தருவது வாசனைக் கல். மெருகிடாத சுட்டமண், எரிமலைக் கல், பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் வார்ப்பு எதுவானாலும் சரி. நுண்துளைகள் அதன்மேல் விடும் வாசனை எண்ணெயை உறிஞ்சி மெல்ல ஆவியாக விடும்.

கொழும்பில் இதைக் கெடுப்பது ஈரக்காற்று. வெள்ளவத்தை போன்ற கடலோரத் தொடர்மாடிகளில் கல்லும் ஈரம் இழுக்கும். அதன்மேல் விட்ட எண்ணெய் உள்ளே இறங்காமல் பிசுபிசுக்கும். புதுக் கல்லை ஒரு முழுப்பகல் வெயிலில் காயவையுங்கள். மழை நாளென்றால் மின்விசிறியின் கீழ் இரண்டு நாள்.

எண்ணெயையும் சோதியுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். சிட்ரோனெல்லா, எலுமிச்சம்புல், தோடை எண்ணெய்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். தாள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தால் தேங்காயெண்ணெய் போன்றது கலந்திருக்கிறது. அது ஆவியாகாது, துளைகளை அடைத்துச் சிக்கு மணமாக மாறும். (வெட்டிவேர், சந்தனம் இயல்பாகவே கொஞ்சம் கறை விடும்.)

உள்ளங்கையளவு கல்லுக்கு 5, 6 துளி போதும். பரவலாக விட்டு 10 நிமிடம் பொறுங்கள். மேற்பரப்பு இன்னும் மினுங்கினால் கூடிவிட்டது. தோடை மணம் விரைவில் போய்விடும், அதோடு 1 துளி வெட்டிவேர் சேர்த்தால் நின்று மணக்கும். நம் கறுவா இலை எண்ணெய் அருமையானது, ஆனால் 1 துளிக்கு மேல் வேண்டாம்: அதிலுள்ள யூஜினோல் கூடினால் அறை பல் வைத்தியரிடம் போனதுபோல் மணக்கும், தோலில் பட்டாலும் எரியும்.

படுக்கையறை, குளியலறை, சப்பாத்து அலுமாரி இவற்றுக்கே கல் ஏற்றது. பெரிய ஹோலில் எடுபடாது. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் அன்றே தீர்ந்துவிடும். கதவோரம், இருக்கும்போது மூக்கு வரும் உயரத்தில் வையுங்கள். அடியில் பீங்கான் தட்டு கட்டாயம், எண்ணெய் மரப் பொலிஷையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். மீன் பொரித்த மணத்தைக் கல் போக்காது, முதலில் யன்னலைத் திறவுங்கள்.

மணம் தெரியவில்லை என்று உடனே எண்ணெய் விடாதீர்கள். மூக்கு பழகியிருக்கும், அரைமணி வெளியே போய்வந்து முகருங்கள்.

மாதமொருமுறை சுத்தம் செய்யுங்கள். எரிமலைக் கல்லைச் சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு நன்றாகக் காயவைக்கலாம். பிளாஸ்டர் வார்ப்பில் தண்ணீர் படவே கூடாது, மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள்.

பூனை வளர்க்கும் வீட்டில் கறுவா, கராம்பு, டீ ட்ரீ எண்ணெய்கள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பூனையின் ஈரலால் சரிவரச் சிதைத்து வெளியேற்ற முடியாது.