டிபிகான்டெக்ஸ்ட்டை கன்ட்ரோலர்ல எப்படி வெச்சுக்கணும்

ஏஎஸ்பி டாட்நெட் கோர்ல புதுசா வேலைக்கு எறங்கினப்போ, ஒவ்வொரு தடவையும் டிபிகான்டெக்ஸ்ட்டை (டேட்டாபேஸோட பேச என்டிட்டி ஃப்ரேம்வொர்க் குடுக்கற க்ளாஸ்) புதுசா உருவாக்கறது வேஸ்ட்டுனு நெனச்சு எல்லா ரெக்வெஸ்ட்டும் பங்கு போட்டுக்கற ஒரு ஸ்டாடிக் வேரியபிள்ல போட்டு வெச்சேன், என் மெஷின்ல ஜம்முனு ஓடுச்சு, லைவ்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேவ் அமுக்கினாங்க பாருங்க, முந்தின வேலை முடியறதுக்குள்ள ரெண்டாவது ஆரம்பிச்சிருச்சுன்னு எரர். டிபிகான்டெக்ஸ்ட் த்ரெட் சேஃப் கிடையாது, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வேலைய அதுல ஓட்ட முடியாது, அது அப்போ எனக்கு தெரியாது. இன்னொண்ணு, எடுத்த ரோவை எல்லாம் அது ட்ராக் பண்ணி வெச்சுக்கும், அதனால டேபிள்ல வேற யாரோ விலைய மாத்தினாலும் எனக்கு பழைய விலையே வந்துட்டிருந்துச்சு.

சரி, என்ன பண்ணணும்? ப்ரோக்ராம் ஃபைல்ல ஆட்டிபிகான்டெக்ஸ்ட்னு (AddDbContext) ஒரு லைன், அப்புறம் கன்ட்ரோலரோட கன்ஸ்ட்ரக்டர்ல கேட்டு வாங்கி ரீட்ஒன்லி ஃபீல்டுல வெச்சுக்கோங்க, அவ்ளோதான். டீஃபால்ட்டா அது ஸ்கோப்டு, ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு, ரெக்வெஸ்ட் முடிஞ்சா அதை உருவாக்கிக் குடுத்த டிஐ கன்டெய்னரே டிஸ்போஸ் பண்ணிடும், அதாவது மூடி விட்டுடும், அந்த வேலைய செய்யற யூஸிங்கை நீங்க போட வேணாம். பழைய எம்விசி 5 ப்ராஜெக்ட்ல கன்ட்ரோலருக்குள்ளயே நியூ போட்டு டிஸ்போஸை ஓவர்ரைடு பண்ணிருப்பாங்க, அங்க அது சரிதான், உருவாக்கினது நீங்கதானே.

கனெக்‌ஷன் தீந்துடுமோன்னு பயப்படாதீங்க. க்வெரி ஓடறப்போதான் கனெக்‌ஷன் தெறக்கும், முடிஞ்சதும் திரும்ப யூஸ் பண்றதுக்காக பூலுக்கு போயிடும், எஸ்க்யூஎல் சர்வருக்கு அந்த பூல்ல டீஃபால்ட்டா அதிகபட்சம் 100 வரைக்கும் இருக்கலாம்.

இப்போ எல்லாரும் மாட்டற எடம். டேஷ்போர்டுல ஆர்டர் கவுன்ட்டும் ஸ்டாக்கும் சேர்ந்தே வரட்டும்னு ரெண்டு க்வெரியையும் டாஸ்க் வென்ஆல்ல போடுவோம், கான்டெக்ஸ்ட் ஒண்ணுதான், திரும்ப அதே எரர். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது அவெய்ட் பண்ணுங்க, சேர்ந்துதான் ஓடணும்னா ஆட்டிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரி போட்டு க்வெரிக்கு ஒரு கான்டெக்ஸ்ட் எடுங்க, அங்க யூஸிங் உங்க பொறுப்பு. சேவ்சேஞ்சஸ் அசிங்க்குக்கு முன்னாடி அவெய்ட் மறந்தா அல்லது மெயில் அனுப்ப டாஸ்க் ரன் போட்டு அதுக்குள்ள கன்ட்ரோலரோட கான்டெக்ஸ்ட்டை தொட்டா டிஸ்போஸ்டுன்னு கத்தும், ரெக்வெஸ்ட்தான் முடிஞ்சு போச்சே. பேக்ரவுண்டு வேலைக்கு சர்வீஸ் ஸ்கோப் ஃபேக்டரி மூலமா தனி ஸ்கோப் எடுத்துக்கோங்க.

ஆட்டிபிகான்டெக்ஸ்ட்பூல் பத்தியும் கேப்பாங்க, லோடு நெஜமாவே அதிகமா இருந்தா போடுங்க, ஆனா அதுல பழைய கான்டெக்ஸ்ட்டையே திரும்ப குடுப்பாங்க, உங்க க்ளாஸ்ல யூசர் ஐடின்னு சொந்தமா ஒரு ஃபீல்டு வெச்சிருந்தா அது தானா க்ளியர் ஆகாது, முந்தின ஆளோட ஐடி அடுத்த ஆளுக்கு போயிடும்.