வட்டு நிரம்பும் வேளையில்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் என் அனுபவம்

நான் பராமரித்துவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 200 ஜிபி வட்டு ஒரு நாள் காலையில் 96 விழுக்காடு நிரம்பியிருப்பதைக் கண்டதும், பழைய பதிவுகளை நீக்கினால் இடம் கிடைத்துவிடும் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் டெலீட் கட்டளை வரிகளை இறந்தவையாகக் குறிப்பதோடு நின்றுவிடும். அதன்பின் இயங்கும் வேக்யூம் என்னும் துப்புரவுப் பணி, அந்த இடத்தை அதே அட்டவணையின் புதிய வரிகளுக்குத் தருமே தவிர, பெரும்பாலும் இயங்குதளத்திடம் திருப்பித் தராது. வேக்யூம் ஃபுல் திருப்பித் தரும். ஆயினும் அது அட்டவணையை முழுவதும் புதிதாக எழுதுவதால், அந்த நகலுக்கான இடம் முன்கூட்டியே காலியாக இருக்க வேண்டும். 8 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்த எனக்கு அந்த வழியும் அடைபட்டது.

ஆகவே எதையும் நீக்காமல் ஒவ்வொரு கோப்புறையாக அளந்தேன். அட்டவணைகள் ஏறக்குறைய 70 ஜிபிதான். தரவில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் பதிவாகும் பிஜி_வால் கோப்புறையோ, 16 எம்பி கோப்புகளாகவே 110 ஜிபியைத் தாண்டியிருந்தது. அக்கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: திடீரென நின்றுபோன தரவுத்தளம் மீண்டெழ அவையே ஆதாரம்.

காரணம், ஒவ்வொரு நகல் சேவையகமும் இந்த மாற்றப் பதிவுகளை எதுவரை பெற்றுக்கொண்டது எனக் குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்களின் பட்டியலில் தெரிந்தது. பல வாரங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட நகல் சேவையகம் ஒன்றின் ஸ்லாட் செயலற்றுக் கிடக்க, அதற்குத் தேவைப்படும் என முதன்மைச் சேவையகம் எல்லாக் கோப்புகளையும் சேமித்துக்கொண்டே இருந்தது. அந்த நகல் இனி வேண்டாம் என்று குழுவினரிடம் உறுதிசெய்துகொண்டு ஸ்லாட்டை நீக்கி, மாற்றங்களை வட்டில் எழுதி முடித்து, தேவையற்றுப்போன பழைய பதிவுக் கோப்புகளை அகற்றும் செக்பாயின்ட் கட்டளையை இயக்கினேன். சில நிமிடங்களில் 100 ஜிபிக்கு மேல் விடுபட்டது. பின்னர், ஸ்லாட்களுக்காகச் சேமித்துவைக்கும் கோப்புகளின் அளவுக்கு வரம்பிடும், பதிப்பு 13 முதல் கிடைக்கும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் அமைப்பு இயல்பில் வரம்பின்றி இருப்பதால், அதை 20 ஜிபி என வரையறுத்தேன்.