வளைத்து அடிப்பதா, வெளுத்து அடிப்பதா? ஸ்ட்ரைக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலக் கால்பந்து ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் பாதியில் இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, வலது காலால் வளைத்து வளைத்து கோல் போட்ட பையன், பக்கம் மாறியதும் அதே அடியைத்தான் அடிப்பான். பந்து தூர போஸ்ட்டுக்கு, அதாவது கோலின் எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு, வெளியே போய்விடும். "கால் இன்னிக்கு செட் ஆகலண்ணா" என்பான்.

கால் சரியாகத்தான் இருக்கிறது. கரையை ஒட்டி ஆடும்போது கோல் வடக்கிலும் தெற்கிலும் இருக்கும். கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். வலது உள்பாதத்தால் சுழற்றிய பந்து இடப்பக்கம்தான் வளையும். வடக்கு பார்த்து அடித்தால் இடப்பக்கம் மேற்கு, காற்றும் அந்தப் பக்கமே தள்ளும். தெற்கு பார்த்து அடித்தால் இடப்பக்கம் கடல். பந்து வளைய வேண்டிய திசைக்கு எதிரே காற்று நிற்கிறது. அந்த மாதிரி பாதியில் தரையோடு தாழ்வாக, பலமாக அடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நம் பையன்களில் பாதிப் பேர் "நான் கர்ல் (வளைத்து) அடிக்கிறவன்", மீதிப் பேர் "நான் பவர்" என்று சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் தவறு அதுதான். எந்த அடி என்பதை தூரமும் கோணமும் கோல்கீப்பர் நிற்கிற இடமும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு பழக்கம் தெருவிலிருந்து வருகிறது. ரப்பர் பந்தில் ஆடி வளர்ந்தவனுக்கு எப்படித் தொட்டாலும் பந்து பாம்பு மாதிரி வளையும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, தான் மறுபக்கம் நகர்கிறது. ஹைன்ரிஷ் மேக்னஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1850-களில் ஆராய்ந்த விஷயம் இது. பந்து எடை குறைவாக இருந்தால் அதே தள்ளலுக்கு அதிகமாக விலகும். முறையான 5-ஆம் நம்பர் பந்தோ 410 முதல் 450 கிராம் வரை இருக்கும். அதை வளைக்கச் சுழற்சி மட்டும் போதாது, வேகமும் வேண்டும். பலர் பந்தின் ஓரத்தை வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி சீவிவிடுகிறார்கள். பந்து அழகாகச் சுழன்றுகொண்டே கோல்கீப்பர் கைக்கு நடந்து போகும். பெருவிரல் மூட்டுக்கு மேலே உள்ள எலும்பு பந்தில் பட வேண்டும். படும் இடம் பந்தின் நடுவிலிருந்து கொஞ்சம்தான் விலகியிருக்க வேண்டும். அடித்த பிறகு கால் உடம்புக்குக் குறுக்கே போக வேண்டும்.

அப்புறம் குறி. போஸ்ட்டின் உட்புறத்தைப் பார்த்து வளைத்தால் பந்து வளைந்து நடுவுக்கு, கோல்கீப்பரின் நெஞ்சுக்கு வரும். போஸ்ட்டுக்கு வெளியே குறி வைத்து, பந்தைத் தானாக உள்ளே வர விட வேண்டும். சொல்வது சுலபம், வெளியே குறி வைக்க மனசு வராது. நம்ம சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காகப் போட்ட கோலைப் பாருங்கள். வலது பக்கத்திலிருந்து உள்ளே வந்து, இடது காலால் தூர மூலைக்கு வளைத்தார். அந்த ஒரே கோலில் கொல்கத்தா டெர்பி, அதாவது அந்த ஊரின் இரு பரம எதிரிகளின் மோதல், முடிந்தது.

வளைவதற்குப் பாதை வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டமான பெனால்ட்டி பாக்ஸின் விளிம்பு கோலிலிருந்து 16.5 மீட்டர். அந்தத் தூரம் இருந்தால் பந்து வளைய நேரம் உண்டு. ஆறேழு மீட்டரில் வளைக்கப் பார்ப்பது வெட்டி வேலை. வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கம் ஐந்து பேர் ஆடும் டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) இதைத் தினமும் பார்க்கலாம். வீடியோ கேமில் பந்தை வளைக்கிற ஆர்-ஒன் பட்டனை அழுத்தியே பழகியதன் விளைவு என்று நினைக்கிறேன். கிட்டத்தில் உள்பாதத்தால் ஓரமாகத் தட்டிவிட்டால் போதும். கால்விரல் நுனியால் குத்தும் டோ அடி கூடப் பாவமில்லை. 2002 உலகக் கோப்பை அரையிறுதியில் துருக்கியை வீழ்த்திய பிரேசில் ரொனால்டோவின் கோல் டோவில் அடித்ததுதான். காலைப் பின்னால் வீச நேரமில்லாதபோது அதை விடச் சீக்கிரமான அடி கிடையாது.

பவர் ஷாட்டில் வரும் தவறுகள் பழையவை, எல்லாக் கோச்சும் கத்துபவை. ஊன்றும் கால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும், உடம்பு மல்லாக்கச் சாயும், பந்து பக்கத்து மொட்டை மாடிக்குப் போகும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். முழங்கால் பந்துக்கு மேல் வரட்டும். கணுக்கால் தளராமல் இறுகி இருக்க, லேஸ் கட்டும் இடத்தால் அடியுங்கள். தொடை பருத்தால் பவர் வரும் என்று ஜிம்முக்கு ஓடுகிறார்கள். பந்தின் வேகம் முக்கியமாகப் பாதம் வந்து மோதும் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒல்லிப் பையன்களில் சிலர் பீரங்கி மாதிரி அடிக்கிறார்கள்.

ஆனால் வேகம் எவ்வளவு லாபம் தரும்? மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பாக்ஸ் விளிம்பிலிருந்து கோலுக்கு 0.66 நொடி. 65 கிலோமீட்டரில் அடித்தால் சுமார் 0.9 நொடி. வித்தியாசம் கால் நொடிதான். கோலின் அகலம் 7.32 மீட்டர். நடுவில் நிற்கும் கோல்கீப்பர் ஒரு போஸ்ட்டுக்குப் போக 3.66 மீட்டர் பாய வேண்டும். பந்து நேரே அவர் மேல் போனால் அந்தக் கால் நொடியால் ஒரு பயனும் இல்லை. ஓரத்துக்குப் போனால் அதுவே கோல். திசை தெரியாமல் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் வீண்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கு கொஞ்சம் மாறும். நனைந்த பந்து பாதத்தில் வழுக்கும், சுழற்சி சரியாக ஏறாது. தாழ்வான பவர் ஷாட்டோ தரையில் பட்டு விர்ரென்று சறுக்கும், கோல்கீப்பர் கையிலிருந்து நழுவும். மழை நாளில் அடித்ததோடு நின்று வேடிக்கை பார்க்காமல், தெறிக்கும் பந்துக்கு ஓடுங்கள்.

வளைவும் பவரும் எதிரிகள் என்று இன்னும் நினைப்பவர்கள், 1997 ஜூன் 3-ஆம் தேதி பிரான்ஸுக்கு எதிராக லியோனில் பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீகிக்கை ஒரு தடவை பார்க்கட்டும். சுமார் 35 மீட்டர் தூரம், இடது காலின் வெளிப்பக்கத்தால் முழு பலத்தோடு அடித்தது. வரிசையாக நின்று மறைத்த எதிரணி ஆட்களின் சுவரைத் தாண்டி வெளியே போவது மாதிரி போன பந்து, வேகம் குறையக் குறைய உள்ளே திரும்பி போஸ்ட்டில் உரசி கோலுக்குள் விழுந்தது. கோல்கீப்பர் பார்தெஸ் நகரவே இல்லை.

கடற்கரைப் பையனிடம் காற்றுக் கணக்கை ஒருநாள் மணலில் கோடு போட்டுக் காட்டினேன். இப்போது டாஸ் ஜெயித்தால் முதலில் வடக்கு பார்த்து அடிக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறான். இரண்டாம் பாதிக்கு இடது காலைப் பழக்கு, வலது ஓரத்திலிருந்து வந்து வளைத்தால் அதே காற்று உனக்கு உதவும் என்று சொன்னதை மட்டும் இன்னும் காதில் வாங்கவில்லை.