‘முழு நிதியுதவி’ என்ற தலைப்பை நம்பாதீர்கள்: பிரிட்டனில் முனைவர் ஆய்வு தேடுவோருக்கு

ஆண்டுதோறும் அக்டோபர் பிறந்ததும், அறிவியலும் பொறியியலும் படித்த இளையோர் சிலர் தங்கள் விண்ணப்பங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். எழுத்துப் பிழைகளையும் பேராசிரியரின் பெயரை மாற்றி எழுதுவதையும் நான் பேசப்போவதில்லை. 2014-இல் நான் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுவதுதான் என்னை எழுத வைக்கிறது.

கட்டணத்தை விட்டு உதவித்தொகையை மட்டும் பார்ப்பது

கலப்புப் பொருள்களின் களைப்பு முறிவு பற்றிய திட்டம் ஒன்று ‘முழு நிதியுதவியுடன்’ என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து முன்மொழிவு எழுதினேன். நேர்காணலும் நன்றாகவே முடிந்தது. பின்னர் வந்த கடிதத்தில்தான், அந்த நிதி உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்யும் என்றும், மீதியை வெளிநாட்டு மாணவர் செலுத்த வேண்டும் என்றும் இருந்தது. மீதி ஆண்டுக்குச் சுமார் 13,000 பவுண்டு. எனக்குத் தருவதாகச் சொன்ன உதவித்தொகை 13,863 பவுண்டு. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ‘முழு’ என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2021 முதல் பிரிட்டனின் அரசு ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. வழங்கும் இடங்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டவருக்குத் தரலாம். அவ்விடம் கிடைத்தவரிடம் கட்டண வேறுபாட்டைக் கேட்கக் கூடாது. ஆனால் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்திலிருந்தோ, ஒரு தொழில் நிறுவனத்தின் பணத்திலிருந்தோ நடத்தும் திட்டங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆகவே அறிவிப்பின் அடியில் ‘ஹோம் ஃபீஸ்’ (உள்நாட்டு மாணவர் கட்டணம்) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். ஐயம் இருந்தால், முன்மொழிவில் ஒரு வரி எழுதும் முன்பே, சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். நெறியாளரிடம் கேட்பது போதாது. ஆய்வைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பல பேராசிரியர்களுக்குக் கட்டண விதி தெரிந்திருப்பதில்லை.

போட்டி நிதியைக் கையிலிருக்கும் நிதியாக எண்ணுவது

சில அறிவிப்புகளில் திட்டத்துக்கு நெறியாளர் இருப்பார், பணம் இருக்காது. பல திட்டங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் அனைவரும் சில உதவித்தொகைகளுக்காகப் போட்டியிடுவார்கள். நெறியாளர் உங்களை விரும்பினாலும், தேர்வுக் குழு வேறொரு திட்டத்தின் மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை; இவற்றை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

கடைசித் தேதி வரை காத்திருப்பது

தகுந்தவர் கிடைத்ததும் முன்கூட்டியே மூடப்படும் இடங்கள் பல.

மேரி கியூரி இடங்களின் வசிப்பு விதி

ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் இந்த முனைவர் ஆய்வு இடங்களுக்கு விண்ணப்பிப்பவர், பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த இடம் உள்ள நாட்டில் வசித்திருக்கக் கூடாது. பிரிட்டனில் முதுகலை முடித்து அங்கேயே வேலையும் பார்த்த ஒருவர், பிரிட்டனில் உள்ள இடத்துக்கு விண்ணப்பித்து ஏமாந்தார். பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய அதே கூட்டுத் திட்டத்தின் ஜெர்மன் இடத்துக்கு அவருக்குத் தடையே இருக்கவில்லை.

ஏட்டாஸ் சான்றிதழை மறப்பது

இந்தியருக்கும் இலங்கையருக்கும் பல அறிவியல், பொறியியல் துறைகளில் விசாவுக்கு முன் பிரிட்டன் அரசின் இந்தப் பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ் வேண்டும். கட்டணம் கிடையாது, வாரக்கணக்கில் ஆகும்.