கெமிக்கல் பீல் செய்யப் போகிறீர்களா? முதலில் வெயிலைக் கணக்குப் பாருங்கள்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்குக் கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கும். அதற்கும், பரு ஆறிய பிறகு நிற்கும் கறுப்புக்கும் தோல் மருத்துவர்கள் செய்யும் சிகிச்சைகளில் ஒன்று கெமிக்கல் பீல். அமிலக் கரைசலைத் தடவித் தோலின் மேலடுக்கை உதிர வைப்பார்கள். தடவுவதென்னவோ சில நிமிட வேலைதான். முகம் தெளியுமா, முன்னைவிடக் கறுக்குமா என்பது அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் இருக்கும் விதத்தைப் பொறுத்தது.

மாநிறத் தோலில் புண்பட்ட இடம் கறுத்துத்தான் ஆறும். கொசுக்கடித் தழும்பைப் பார்த்தாலே தெரியும். பீல் ஆழமாகப் போனாலும் அதே கதைதான். அதனால் நமக்கு மேலோட்டமான பீல்தான் சரி. மங்குக்குக் கிளைகாலிக் அமிலத்தை 20 முதல் 35 சதவீதத்தில் தொடங்குவார்கள். எண்ணெய் வழியும், பரு வரும் முகத்துக்குச் சாலிசிலிக் அமிலம் 20 முதல் 30 சதவீதம். பீனால் வைத்துச் செய்யும் ஆழமான பீல் நம் நிறத்துக்கு வேண்டவே வேண்டாம்.

முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: கர்ப்பம், ஆஸ்பிரின் ஒவ்வாமை, உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளம், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டது. இவற்றைவிடப் பலரும் மறைப்பது, சிவப்பாக்கும் என்று சொல்லி யாரோ வாங்கிக் கொடுத்த கிரீமை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்து போயிருக்கும். அமிலம் அங்கே ஒரே சீராக இறங்காது, திட்டுத் திட்டாகச் சுடும். பெயர் நினைவில்லை என்றால் டியூபையே கையில் கொண்டு போங்கள்.

பீலுக்கு முன் 2 முதல் 4 வாரம் தினமும் சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் இரவு கிரீமும் போட வேண்டும். அந்த இரவு கிரீமை என்றைக்கு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஒரு வாரம் த்ரெட்டிங், வாக்சிங், பிளீச், ஸ்க்ரப் எதுவும் கூடாது. பயத்தமாவு போட்டுத் தேய்ப்பதும் ஸ்க்ரப்தான்.

அன்றைக்கு முகத்தைக் கழுவி, ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகிய இடங்களில் அமிலம் தேங்கும் என்பதால் வாசலின் பூசுவார்கள். பிறகு நெற்றியில் தொடங்கி கன்னம், மூக்கு, தாடை என்று பிரஷ்ஷால் தடவுவார்கள். சுருக்கென்று எரியும், விசிறினால் தணியும். கிளைகாலிக் என்றால் கடிகாரம் பார்த்து 1 முதல் 3 நிமிடத்தில் சோடா உப்புக் கரைசலாலோ தண்ணீராலோ நிறுத்திவிடுவார்கள். ஓரிடம் மட்டும் தனியாகச் சிவந்தால் நேரம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த இடத்தில் மட்டும் அமிலத்தை உடனே நிறுத்த வேண்டும். எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். சாலிசிலிக் தடவினால் முகம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பயப்பட வேண்டாம், அது தோல் வெந்ததல்ல, காய்ந்த அமிலத்தின் பொடி; கழுவினால் போய்விடும்.

முதல் நாள் சிவப்பும் இறுக்கமும் இருக்கும். 2 முதல் 5 நாளுக்குள் வாயைச் சுற்றி மெல்லிய செதிலாக உரியும். சிலருக்கு உரிவதே தெரியாது, அதனால் பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தொங்கும் தோலை நகத்தால் இழுத்தால், அடியில் ஆறாத தோல் கிழிந்து அதே வடிவத்தில் கறுப்பு விழும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை அடிக்கடி பூசி, அது தானாக விழும்வரை விடுங்கள்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். தோட்டத்தில் மர நிழல்தானே என்று விடாதீர்கள். வெயில் மட்டுமல்ல, அனலும் மங்கைத் தூண்டும். அதனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை என்றால் ஒரு வாரம் மாற்று வேலை கேட்டுப் பாருங்கள். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கும் நேர்த்திக்கடன் இருந்தால் சித்திரை முடியட்டும், பிறகு தொடங்கலாம்.

2 முதல் 4 வார இடைவெளியில் 4 முதல் 6 தடவை செய்தால்தான் மாற்றம் தெரியும். கல்யாணத்துக்கு என்றால் ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள். முகூர்த்த வாரத்தில் முதல் பீல் செய்துகொள்ளாதீர்கள். மங்கு அடங்கினாலும் சன்ஸ்கிரீனை விட்டால் திரும்பி வரும். கொப்புளம், நீர்க்கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றில் எது வந்தாலும் மஞ்சளோ கற்றாழையோ பூசிப் பார்க்காமல், அன்றைக்கே பீல் செய்த டாக்டரிடம் போங்கள்.