பழைய சீன வாள் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்க

நான் முதன்முதலா வாங்குன சீன வாள் "மிங் காலத்துது, 500 வருஷம் பழசு"ன்னு சொல்லித்தான் வந்துச்சு. ஆன்லைன் ஏலத்துல ராத்திரி 1 மணிக்குக் கண்ணு எரிய எரிய உக்காந்து பிடிச்சது. உறை முழுக்க டிராகன், அலகு முழுக்க வரிக்குதிரை மாதிரி கோடு, பிடி நுனில சிவப்புக் குஞ்சம், பாத்தாலே ராஜ பரம்பரைதான். ஒரு மாசம் கழிச்சு இங்க இங்கிலாந்துல ஞாயித்துக்கிழமை நடக்குற பழைய பொருள் சந்தைக்கு அதைத் தூக்கிட்டுப் போய் ஆயுதம் விக்கிற ஒரு பெரியவர்ட்ட காட்டினேன். அவரு டிராகனையும் பாக்கல, எழுத்தையும் பாக்கல. பாக்கெட்ல இருந்து கனம் அளக்குற காலிப்பரை எடுத்து வாளோட முதுகுல, அதாவது வாய்க்கு எதிர்ப்பக்கத்துத் தடிச்ச ஓரத்துல, மூணு எடத்துல வச்சாரு. 5.1 மி.மீ., 5.0, 5.0. அவ்ளோதான், சிரிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. தகட்டை வாங்கி வாள் வடிவத்துல வெட்டியிருக்கானுங்க.

அந்த மூணு நம்பர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சிருந்தா என் காசு மிஞ்சியிருக்கும். அதனால அந்த வரிசையிலேயே சொல்றேன். அலகு முதல்ல, பிடியும் உறையும் ரெண்டாவது, எழுத்தும் கதையும் கடைசி. விக்கிறவங்க இதை அப்படியே தலைகீழா சொல்லுவாங்க, கவனிச்சுப் பாருங்க.

படி 1: ரெண்டே ரெண்டு பேரு

ரெண்டு பக்கமும் வாய் இருக்கிற நேர் வாள் ஜியென். ஒரு பக்கம் மட்டும் வாய் இருந்தா தாவ், பெரும்பாலும் வளைஞ்சிருக்கும். அருவாளும் கத்தியும் கூட சீனத்துல தாவ் தான், ஒரு பக்க வாய் எதுன்னாலும் தாவ். சந்தையில கைக்குக் கிடைக்கிற நிஜமான பழசுல முக்கால்வாசி சிங் ஆட்சிக் காலத்துது, அதாவது 1644-ல இருந்து 1912 வரைக்கும், அதுலயும் 19-ம் நூற்றாண்டு சரக்குதான் ஜாஸ்தி. 1368-ல இருந்து 1644 வரைக்குமான மிங் காலத்து வாள் அபூர்வம். ஹான் காலம், டாங் காலம்னு 1000 வருஷத்துக்கும் மேல பழசைச் சொல்லி ஒருத்தர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா பதில் போட வேண்டாம்.

இவ்ளோ வாள் ஐரோப்பால எப்படி வந்துச்சுன்னு எனக்கும் ஆரம்பத்துல புரியல. 1839-42, 1856-60-ல பிரிட்டன் சீனாவோட போட்ட ரெண்டு அபினிப் போர், அப்புறம் வெளிநாட்டுக்காரங்களை எதிர்த்து 1900-ல நடந்த பாக்ஸர் கலவரம், இதுல போன சிப்பாய்ங்க அள்ளிட்டு வந்ததுதான் நெறைய. சீனாலயே தங்குன இரும்பு 1958-ல வேற மாதிரி போச்சு, வீட்டுக் கொல்லையில உலை வச்சு எஃகு பண்றோம்னு சட்டி, கதவுக் கீலு வரைக்கும் உருக்கின காலம் அது.

படி 2: முதுகை அளக்கணும்

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். வாளை உறைல இருந்து எடுத்து (வாய் மேல பாத்த மாதிரி எடுங்க, உறையோட மரத்தை அறுத்துடாதீங்க) முதுகு உங்களைப் பாக்குற மாதிரி டேபிள்ல வைங்க. கைக்காப்புல (பிடிக்கும் அலகுக்கும் நடுவுல கையைக் காக்குற தகடு) இருந்து ஒரு விரக்கடை தள்ளி ஒரு அளவு, சரிபாதியில ஒரு அளவு, நுனில இருந்து 5 செ.மீ. உள்ள ஒரு அளவு. எங்கிட்ட இப்ப இருக்கிற சிங் காலத்து தாவ் ஒண்ணுல 7.2, 4.6, 2.9 வருது. எடை 780 கிராம், அலகு மட்டும் 70 செ.மீ.

ஏன் இப்படி மெலியுதுன்னா, வீசுற வாளுக்கு எடை கைக்குப் பக்கத்துல இருக்கணும், நுனி லேசா ஓடணும். சுத்தியல்ல அடிக்கிற கொல்லன் இரும்பை இழுத்து இழுத்து நீட்டும்போதே இந்த மெலிவைக் கொண்டு வந்துடுவான். தகட்டுல வெட்டுறவன் இதைக் கொண்டு வரணும்னா மணிக்கணக்கா சாணை பிடிச்சு இரும்பைத் தூளாக்கணும், அலங்காரப் பொருளுக்கு எவன் அவ்ளோ மெனக்கெடுவான்? பட்டாளத்துக்காரன் இடுப்புல இருந்த சிங் வாள் பெரும்பாலும் அடியில 6-ல இருந்து 8 மி.மீ. வரைக்கும் இருந்து நுனில பாதிக்கும் கீழ வந்துடும், மொத்த எடை 700 கிராம்ல இருந்து 1 கிலோ பக்கம். ஒன்றரை கிலோ, ரெண்டு கிலோன்னு ஒரு ஜியென் வந்தா அது சண்டைக்குச் செஞ்சது இல்ல. உடற்பயிற்சிக்கு விக்கிற வூஷு (சீனத் தற்காப்புக் கலை) வாள் நேர் எதிர், ஆட்டினா தகரம் மாதிரி லொடலொடன்னு சத்தம் போடும்.

ஒரு எச்சரிக்கை. மெலிவு இல்லேன்னா சந்தேகப்படலாம், மெலிவு இருக்குன்னா மட்டும் பழசுன்னு முடிவு பண்ண முடியாது. இன்னிக்கு சீனாவோட ஜெஜியாங் மாகாணத்துல இருக்கிற லொங்ச்சுவான் ஊர்ல நல்ல கொல்லர்கள் ஒழுங்கா மெலிய அடிச்ச புது வாளும் போடுறாங்க, அருமையான வேலை, ஆனா புதுசு.

படி 3: வளைவு எங்க ஆரம்பிக்குது?

தாவ்ல வளைவைப் பாத்தே பாதி விஷயம் தெரிஞ்சிடும். அலகு முக்காவாசி நேரா போய் கடைசில மட்டும் மேல எழும்பினா அது யென்மாவ்தாவ், வாத்து இறகுன்னு அர்த்தம், மிங் கடைசில இருந்து 18-ம் நூற்றாண்டு வரைக்கும் ரொம்பப் புழக்கம். பிடில இருந்தே மெதுவா ஒரே சீரா வளைஞ்சா லியூயேதாவ், வில்லோ இலை. சிங் பட்டாளத்துல அதிகம் இருந்தது இதுதான், ஆட்சி முடியுற வரைக்கும் இருந்துச்சு, அதனால இந்த வடிவத்தை மட்டும் வச்சு வருஷம் சொல்ல முடியாது.

நுனிப் பக்கம் அகலமா விரிஞ்சு, மாட்டு வால் மாதிரி இருக்கிறது நியூவெய்தாவ். குங்ஃபூ படத்துல எல்லாரும் தூக்கிட்டு வர்ற வாள் இதான், 1000 வருஷத்துக்கு முந்தின கதைன்னாலும் ஹீரோ கையில இது இருக்கும். உண்மையில இது 19-ம் நூற்றாண்டு சமாச்சாரம், அதுவும் பட்டாளத்துது இல்ல, ஊர்க்காவல், வித்தை காட்டுறவங்க, கொள்ளைக்காரங்க கையில இருந்தது. ஆகவே நியூவெய்தாவை "மிங் தளபதி வாள்"னு ஒருத்தர் வித்தா அங்கயே நடையைக் கட்டலாம்.

தென்சீனாவுல குவாங்தொங் பக்கத்து ஜோடி வாள் ஹூதியேதாவ், வண்ணத்துப்பூச்சி வாள்னு சொல்றது, ரெண்டும் ஒரே உறைல ஒட்டிப் படுத்திருக்கும், அதுக்காகவே பிடியோட உள்பக்கம் தட்டையா இருக்கும். ஜோடில ஒண்ணு மட்டும் வந்தா விலையைப் பாதியாக் குறைங்க. அப்புறம் தாதாவ், அகலமான பெரிய வெட்டு வாள், பிடி நுனில வளையம், துணி சுத்தின பிடி. 1933 மார்ச்ல பெருஞ்சுவர்ல இருக்கிற ஷீஃபெங்கோவ் கணவாய்ல சீனாவோட 29-ம் படை ஜப்பான்காரங்களை எதிர்த்துச் சண்டை போட்டப்ப இதான் கையில. இன்னிக்குப் போலி கொட்டிக் கிடக்கிறதும் இதுலதான்.

படி 4: எஃகு எங்க இருக்கு?

நம்மூர்ல கோடாலிக்கு வாய்ல மட்டும் எஃகு வச்சு அடிப்பாங்க இல்லையா, உடம்பு மெது இரும்பு, வாய் கெட்டி. சீன வாள்லயும் அதே வேலைதான். மெது இரும்பைப் பிளந்து நடுவுல எஃகைச் சொருகி அடிச்சு ஒட்டுறது ரொம்ப சகஜம். அதுக்கப்புறம் துவைச்சல் போட்டு, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டுன்னு குளிர வச்சு, வாயைக் கெட்டியாக்குவாங்க.

பாக்குறது எப்படின்னா, அலகைத் துணியால துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஒரே ஒரு லைட்டைச் சாய்வா வச்சு மெல்ல ஆட்டுங்க. வாய்க்குக் கொஞ்சம் மேல, வாய்க்கு இணையா ஒரு கோடு ஓடும், ஆத்தோரம் தண்ணி நின்ன தடம் மாதிரி லேசா நெளிஞ்சு, சில எடத்துல மேல ஏறி சில எடத்துல மறைஞ்சு போகும். அந்தக் கோட்டுக்குக் கீழ கொஞ்சம் வேற சாம்பல் நிறம். உடம்புல மர வரி மாதிரி மங்கலா தெரியும், சில எடத்துல அடி சரியா ஒட்டாம சின்னச் சின்ன விரிசல் கூட இருக்கும், அதைக் குறையா நெனைக்காதீங்க, சாட்சியா வச்சுக்கங்க. என் முதல் வாள்ல இருந்த மாதிரி கறுப்பும் வெள்ளையும் பளிச்சுன்னு அடிச்ச வரிக்குதிரைக் கோடு இருந்தா, அது ரெண்டு நவீன எஃகை மடிச்சு அமிலத்துல முக்கினது, இல்லேன்னா மேலாப்புல அமிலத்தால வரைஞ்சது. வரைஞ்சதா இருந்தா கோடு முதுகைத் தாண்டி அடுத்த பக்கம் போகாது, முதுகுல நின்னுடும்.

துருவையும் பாருங்க. பழைய துரு கரும்பழுப்பு, கெட்டியா ஒட்டியிருக்கும். விரல்ல தேய்ச்சா ஆரஞ்சுப் பொடி வருதுன்னா போன மழைக்காலத்துத் துரு. எல்லா எடத்துலயும் ஒரே ஆழத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தா அமிலம். இயற்கையா வர்ற துரு ஓரவஞ்சனை பண்ணும், ஒரு பக்கம் தின்னுட்டு ஒரு பக்கம் விட்டு வைக்கும்.

படி 5: பிடியும் உறையும்

பழைய புல்லட்டுக்குப் புது டேங்க் போடுற மாதிரி, வாளுக்குப் பிடி மாத்துறது அந்தக் காலத்துலயே சாதாரணம். அதனால அலகுக்கு ஒரு வயசு, பிடிக்கு ஒரு வயசுன்னு தனித்தனியா எழுதி வைங்க, ரெண்டையும் சேத்துக் கொழப்பிக்காதீங்க.

சிங் காலத்து உலோக வேலைல ரெண்டு பாணி. மூலை மூலையா கோணமா வெட்டினது ஃபாங்ஷி, ஓரம் உருண்டு வளைஞ்சது யுவான்ஷி. ஃபாங்ஷி முந்தினது, 18-ம் நூற்றாண்டு வாள்ல நெறைய பாக்கலாம், யுவான்ஷி அந்த நூற்றாண்டோட பிற்பகுதில அதிகமாகி 19-ல எங்க திரும்பினாலும் அதுதான். ஒப்பிட்டுப் பாக்க பெய்ஜிங் அரண்மனையே வழி பண்ணி வச்சிருக்கு, சியென்லொங் பேரரசர் 1759-ல சடங்குப் பொருள், உடை, ஆயுதம் எல்லாத்துக்கும் படம் போட்டு ஒரு விதிப்புத்தகம் தயாரிக்கச் சொன்னாரு, அதுல வாளும் உறையும் அளவோட இருக்கு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட போட்டோவும் ஆன்லைன்ல இலவசமா கிடைக்கும், ராத்திரி ஏலம் பாக்குறதுக்குப் பதிலா ஒரு மாசம் அதைப் பாருங்க.

அப்புறம் பிடியோட கடைசியைத் திருப்பிப் பாருங்க. அலகோட வால் பிடிக்குள்ள முழுசா ஓடி, குமிழைத் தாண்டி வெளிய வந்து, ஆணித்தலை மாதிரி அடிச்சு மழுக்கியிருக்கணும். அங்க திருகாணியும் நட்டும் இருந்தா மேல படிக்க வேண்டிய அவசியமில்ல. நட்டு வச்ச பழைய வாளே கிடையாதுன்னு சொல்ல மாட்டேன், பின்னாடி யாராவது பழுது பாத்திருக்கலாம், ஆனா கத்துக்குட்டி அதை வாங்கக் கூடாது.

உறைல தொங்கவிடுற கொக்கி எந்தப் பக்கம் இருக்குன்னு கூட ஒரு கதை உண்டு. மஞ்சு (சிங் அரச வம்சத்தோட இனம்) வீரன் வாளைப் பிடி பின்பக்கம் பாத்த மாதிரிதான் தொங்கவிடுவான், வில்லு இழுக்கும்போது பிடி இடிக்கக் கூடாதுன்னு. பழைய போட்டோல இதைப் பாத்துட்டு தலைகீழா மாட்டியிருக்கான்னு நெனைச்சவன் நான்.

படி 6: எழுத்தை நம்பாதீங்க

அலகுல "சியென்லொங் காலத்தில் செய்தது"ன்னு நாலு எழுத்து, சப்தரிஷி மண்டலம் மாதிரி ஏழு நட்சத்திரப் பொட்டு, லொங்ச்சுவான் பேரு, இதெல்லாம் யார் வேணா போடலாம், போட்டும் இருக்காங்க. அந்தப் பேரரசர் ஆண்டது 1736-ல இருந்து 1795 வரைக்கும், அவரு பேரைப் போட்ட வாள் அதுக்கப்புறம் 200 வருஷமா வந்துக்கிட்டே இருக்கு. ஏழு நட்சத்திரம் இருந்தா லென்ஸ் வச்சுப் பாருங்க, நல்ல வேலைல பித்தளைப் பொட்டை அலகுல குழி எடுத்துப் பதிச்சிருப்பாங்க, மட்டமானதுல பெயிண்ட்.

எழுத்து உதவுற ஒரே எடம் காசு வாள். ஓட்டைக் காசுகளைக் கம்பி மேல சிவப்பு நூலால கட்டி, கெட்டது அண்டாம இருக்க வீட்டுல மாட்டுறது, விலையும் கம்மி, ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு காசுலயும் பேரரசர் காலப் பேரு இருக்கும். எல்லாக் காசையும் பாத்து அதுல பிந்தின காசு எதுன்னு கண்டுபிடிங்க, வாள் அதுக்கு முந்தி கட்டினதா இருக்க முடியாது. 1662-1722 காங்ஷி காசு 60 இருந்து நடுவுல ஒரே ஒரு 19-ம் நூற்றாண்டுக் காசு இருந்தா, அந்த ஒண்ணு சொல்றதுதான் கணக்கு.

படி 7: காசு குடுக்குறதுக்கு முன்னாடி

விக்கிறவர்ட்ட கேக்க வேண்டியது: முதுகை மேல இருந்து எடுத்த போட்டோ, முதுகுல மூணு எடத்து அளவு, எடை, குமிழோட கடைசி, கைக்காப்பு அலகைத் தொடுற எடம். டிராகன் போட்டோ 14 அனுப்பிட்டு இதுல ஒண்ணைக் கூட அனுப்பலேன்னா விட்டுடுங்க. "எங்கிட்ட ஸ்கேல் இல்ல"ன்னாரு எனக்கு வித்த ஆளு, அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

சட்டமும் வயசைத்தான் கேக்குது. இங்க இங்கிலாந்துல 50 செ.மீ.யும் அதுக்கு மேலயும் நீளமான வளைஞ்ச வாளை விக்கவும் இறக்குமதி பண்ணவும் தடை இருக்கு, 100 வருஷம் தாண்டின பழசுக்கு விலக்கு. சீனால இருந்து 1911-க்கு முந்தின பொருளை வெளிய கொண்டு வர விடமாட்டாங்க, ஆக "நேரா சீனால இருந்து பார்சல், 300 வருஷம் பழசு"ன்னு விளம்பரம் வந்தா ஒண்ணு போலி இல்ல கடத்தல். இந்தியால இருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதை, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகள்ல தனி வகையாவே இருக்கு, சில எடத்துல லைசன்ஸ் வேணும், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்லயும் போலீஸ்லயும் கேட்டுடுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்

சாணைக்குக் குடுக்காதீங்க, எமரி பேப்பர் பக்கமே போகாதீங்க, நீங்க படி 4-ல பாத்த அந்தக் கோடு மொத்தமும் மேல்தோல்லதான் இருக்கு. பித்தளை வேலை கறுத்திருக்கேன்னு எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப புளி போட்டுத் தேய்க்கப் போனாங்க, ஓடிப்போய் பிடுங்கினேன். 150 வருஷத்துக் கறுப்பு அது, திரும்ப வராது. ஆயுத பூஜைக்கு வைக்கலாம், ஆனா சந்தனத்தையும் குங்குமத்தையும் அலகுல வைக்காம உறைக்குப் பக்கத்துல ஒரு தட்டுல வைங்க, ஈரம் பட்ட எடத்துல ரெண்டே நாள்ல புள்ளி விழுந்துடும். தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு, பழைய பருத்தித் துணி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை. விரல் பட்டா அன்னிக்கே துடைங்க. உறைக்குள்ள எண்ணெயை ஊத்தாதீங்க, உள்மரம் அதைக் குடிச்சு ஊறி அலகைப் பிடிச்சுக்கும். எனக்கு ஒரு தடவை அப்படி மாட்டி, வாளை வெளிய எடுக்க ஒரு வாரம் ஆச்சு.