மலையில் பழைய மஸ்டாங் வாங்கப் போகிறவருக்கு

"1965 மஸ்டாங். முழுக்க ரெஸ்டோர் செய்தது. 302 வி8, ஐந்து கியர், டிஸ்க் பிரேக். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும்." மஸ்டாங் என்பது ஃபோர்டு கம்பெனியின் அமெரிக்கக் கார்; 302 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு, வி8 என்றால் எட்டு சிலிண்டர். விற்பனைக்கு வரும் இந்த ரகக் கார்களின் விளம்பரம் பெரும்பாலும் இப்படி நாலு வரியில் முடிந்துவிடும். படத்தில் பின்னால் தேயிலைத் தோட்டம், மேலே கொஞ்சம் மூடுபனி. அதைப் பார்த்துவிட்டுக் கோயமுத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் பணத்தோடு கிளம்பிவிடுவார். கிளம்புவதற்கு முன் எனக்கு போன் பண்ணுகிறவர்களும் உண்டு. குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். எஸ்டேட் ஜீப்பும் பிக்கப்பும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால் கூடப் போவேன். போனில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார் என்ற பேச்சு 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து சூடு பிடித்தது. நடுத்தர அளவு பாடிக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினை வைத்தார்கள். மஸ்டாங் அந்த வரிசையிலேயே வராது என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடட்டும். நம் பக்கம் வி8 போட்ட இரண்டு கதவு அமெரிக்க வண்டி எல்லாமே மசில் கார்தான்.

விற்பவர் முதலில் பானட்டைத் திறந்து எஞ்சினை உறுமவிடுவார். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பேப்பர், அப்புறம் துரு, அப்புறம் பிரேக், கடைசியில்தான் எஞ்சின். ஏற முடியாத வண்டி, மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ஓரமாக நிற்கும், லாரி வைத்துத் தூக்கி வரலாம். இறக்கத்தில் நிற்க முடியாத வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

பேப்பரில் இரண்டு கேள்வி. ஒன்று, வண்டி இந்தியாவுக்குள் எப்படி வந்தது? தூதரகத்தில் இருந்த கார்களை அந்தக் காலத்தில் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் விற்றிருக்கிறார்கள். அப்படி வந்ததென்றால் அதற்குரிய காகிதம் இருக்கும். நேரடியாக இறக்குமதி ஆனதென்றால் சுங்கத் தீர்வை கட்டிய பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டும். ஆர்.சி. புக்கை மட்டும் நீட்டி "இதுவே போதும் சார்" என்றால் போதாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை, பூட்டான் வழியாகக் கடத்தி வந்த வண்டிகளைத் தேடி ஊர் ஊராகச் சோதனை போட்டது. அந்த மாதிரி வண்டி கையில் மாட்டினால், கொடுத்த பணமும் போகும், வண்டியும் போகும். கூடலூர் தாண்டினால் கேரளம் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறார்கள்? 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து 'வி.ஏ.' எழுத்து போட்ட நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடையாது. கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். "மாடிஃபை பண்ணியிருக்கோம், வின்டேஜ் நம்பரும் வாங்கிடலாம்" என்று யாராவது சேர்த்துச் சொன்னால், அந்த இரண்டில் ஒன்று பொய். மாற்றிய வண்டியாக வாங்குகிறீர்கள் என்றால், எஞ்சினை மாற்றியது ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இடது கை ஸ்டீயரிங் வண்டிக்கு இண்டிகேட்டர் வேலை செய்தே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு சொல்கிறது, அதையும் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். பானட்டைத் தூக்கினால் டிரைவர் பக்க மட்கார்டின் உள்தகட்டில், மேல் விளிம்பில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். 1965 மஸ்டாங்கில் முதல் எழுத்து 5, அது வருடம். அடுத்தது தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டுச்சன். அடுத்து இரண்டு இலக்கம் பாடி: 07 சாதாரண கூரை, 08 திறக்கிற கூரை, 09 ஃபாஸ்ட்பேக், அதாவது பின்னால் சரிந்து இறங்கும் கூரை. ஐந்தாவது எழுத்துதான் நமக்கு முக்கியம், அது எஞ்சின். சி அல்லது ஏ என்றால் 289 வி8. டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். கதவில் இருக்கும் தகட்டை நம்ப வேண்டாம், அது புதிதாக அடித்தே கிடைக்கிறது.

டி (T) எழுத்து வண்டியில் வி8 உட்கார்ந்திருந்தால் யாரோ பின்னால் மாற்றியது. மாற்றியதில் தப்பில்லை. எவ்வளவு தூரம் மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. கம்பெனியிலிருந்து வந்த ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் ஒரு சக்கரத்துக்கு நாலு நட்டு, வி8 வண்டியில் ஐந்து. நாலு நட்டோடு வி8 ஓடுகிறதென்றால் எஞ்சினை மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கீழே உள்ளதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஆறு சிலிண்டருக்கு 9 அங்குல பிரேக் டிரம், வி8-க்கு 10 அங்குலம். பின் ஆக்சிலும் ஆறு சிலிண்டருக்குச் சின்னது. ரேடியேட்டரும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். அந்த வண்டியைச் சமவெளியில் ஓட்டிவிடலாம். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து மேலே ஏற்றவும் வேண்டாம், குன்னூரிலிருந்து கீழே இறக்கவும் வேண்டாம்.

துருவுக்கு ஒரு வாளி தண்ணீர் போதும். முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டுக்குப் பின்னால், காற்று உள்ளே போவதற்காக வரிசையாகத் துளை விட்ட தகடு இருக்கும். அதற்கு அடியில் உள்ள பெட்டி துரு பிடித்து ஓட்டை விழுவது 65, 66 மஸ்டாங்குகளின் பெரிய வியாதி. மழைத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் வடிந்து கால் வைக்கும் தகட்டை அரித்துவிடும். வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவில் வண்டி பார்க்கப் போனபோது, காவலுக்கு இருந்த பையனிடம் கேட்டேன்.

"தம்பி, ஒரு வாளி தண்ணி கொண்டாங்க."

"கழுவித்தான் வெச்சிருக்கு அண்ணே."

"கழுவ இல்ல. நீங்க மேல மெதுவா ஊத்துங்க, நான் உள்ள படுத்துக்கறேன்."

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மேட்டைச் சுருட்டிவிட்டு, தலையைக் கிளட்ச் பெடல் பக்கம் வைத்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஹீட்டர் பெட்டியின் ஓரமாக ஒரு துளி கட்டி நின்று, பழுப்பு நிறத்தில் என் காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிறகு வரிசையாக விழ ஆரம்பித்தது. வெளியே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பெட்டியைச் சரி செய்ய மேல் தகட்டின் வெல்டிங்கையெல்லாம் பிரித்து எடுக்க வேண்டும். அந்தப் பெயிண்ட் போய்விடும். அதனால்தான் ரெஸ்டோர் பண்ணுகிறவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மற்ற இடங்கள்: பேட்டரிக்கு அடியில் உள்ள தகடு, முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் நிற்கிற டவர் (விரிசல் பாருங்கள், அதன் மேல் வெல்டிங் வைத்து மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்), டிக்கி ஓரங்கள், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி. சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு தடவினால் பட்டி கனமாகப் போட்ட இடத்தில் அது ஒட்டாது. வண்டி எங்கே நின்றது என்றும் கேளுங்கள். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை கொட்டித் தீர்த்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல்தான் பெரிய மழை. தார்ப்பாய் போர்த்திய வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்த ஊர் பனியில் தார்ப்பாய்க்குள் ஈரம் அடைந்து கிடக்கும். திறந்த ஷெட்டில் நின்ற வண்டியே மேல். ஒயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

இனி பிரேக். 65, 66 மஸ்டாங்கில் கம்பெனி போட்ட மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) ஒரே அறைதான். ஒரு சக்கரத்தில் லீக் ஆனால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. மலையில் ஓட்டப் போகிற வண்டியில் இந்த ஒரு விஷயத்தில் ஒரிஜினல் பிடிவாதம் வேண்டாம். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்கும் போட்டிருந்தால் அந்த வண்டிக்கு நான் கூடுதலாகவே விலை சொல்வேன்.

அடுத்து, விளம்பரத்தில் வராத ஒரு விஷயம். உறுமல் வேண்டும் என்பதற்காக எஞ்சினில் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டுவிடுவார்கள். ஐடிலில் குதித்துக் குதித்து ஓடும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெடல் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் இழுக்கும் வேக்கத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில். நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் கேஜில் 18 அங்குலம் (பாதரச அளவு) வேக்கம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமாராக ஒரு அங்குலம் குறையும். குன்னூர் கிட்டத்தட்ட 6,000 அடி, ஊட்டி 7,300 அடிக்கு மேல். கோயமுத்தூரிலேயே 11 அங்குலம் காட்டுகிற கேம் ஊட்டிக்கு வந்தால் பூஸ்டருக்கு என்ன மிஞ்சும்? பெடல் கல்லாகிவிடும். சோதிக்கும் முறை எளிது: எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை. இதைச் சமவெளியில் பார்த்துப் பயனில்லை, மேலே வைத்துப் பாருங்கள்.

அது தேறினால் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். குன்னூரிலிருந்து காட்டேரி தாண்டி பர்லியாறு வரை. சீசனில் போலீஸ் பாதையை ஒருவழியாக்குவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டாவது கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் லோ கியரில் போட்டு, எஞ்சின் பிடிப்பிலேயே இறக்கி, வளைவுக்கு முன் மட்டும் பிரேக் அடியுங்கள். மூன்று விஷயம் கவனியுங்கள்: பெடல் போகப் போகத் தாழ்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, லைனிங் கருகும் வாசனை வருகிறதா. பெடல் தாழ்ந்தால் மேற்கொண்டு இறங்க வேண்டாம், ஓரம் கட்டி ஆறவிட்டுத் திரும்பிவிடுங்கள். பர்லியாறில் பழக்கடைப் பக்கம் நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்த வீலில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீசன் என்றால் மங்குஸ்தான் வாங்குங்கள், அதற்குள் வண்டி ஆறிவிடும். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியாது. பக்கத்து சீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருந்தால் நல்லது.

திரும்பி ஏறும்போது எஞ்சினைப் பார்த்துவிடலாம். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகிறதா? ஊட்டி உயரத்தில் மூடாத தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் காப்பாற்றுகிறது. மூடி தளர்ந்திருந்தால் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். கறுப்புப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். கீழே ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) செட் பண்ணிய கார்புரேட்டருக்கு மேலே காற்று போதாது. நீலப் புகை வந்தால் பயப்படலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால், கீழே 150 பி.எஸ்.ஐ. காட்டும் எஞ்சின் ஊட்டியில் 115 பக்கம்தான் காட்டும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். எட்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. 302 என்று சொன்னால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே பிளாக்கில் வார்த்த நம்பரைப் பாருங்கள், பிளாக் எந்தக் காலத்தது என்று அதில் தெரியும். ஃபோர்டு கணக்கில் சி என்று தொடங்கினால் 1960-கள், டி (D) 70-கள், இ 80-கள்.

விலை படிந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வண்டியை டி.என். 43-ஐ (நீலகிரிப் பதிவு) விட்டு வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோவதென்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வரும்வரை பாக்கிப் பணத்தைப் பிடித்து வையுங்கள். வாங்கிய கையோடு பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பழையது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூட்டில் கொதித்துப் பெடல் போய்விடும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரப்பரா என்று பாருங்கள், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வண்டி இனிமேல் கீழேதான் இருக்கப் போகிறதென்றால், மேலே செட் பண்ணிய ஜெட்டோடு மேட்டுப்பாளையம் வெயிலில் விரட்டாதீர்கள். பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் தட்டும். ஜெட்டை மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள்.